அகழ்குழியில் பிறந்த நகைப் பாடல்கள்

சென்ற பொங்கல் விழாவில் நம் மேடையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. எம் அரசுக் குடியிருப்பில் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் தொல்லியலில் முதுகலை பயில்கிறார். அரியானாவில் ஒரு மேட்டில் ஆறு வாரம் அகழாய்வுப் பயிற்சி முகாமில் இருந்து, முகம் கறுத்து, உள்ளங்கை காய்த்துத் திரும்பியவர், இளைஞர் நிகழ்ச்சியில் பாட வந்தார். முகாமில் மாணவர்கள் தாமே கட்டிய கேலிப் பாடல்களில் இரண்டைத் தமிழில் ஆக்கிப் பாடினார். சிறுவர்கள் ஆரவாரித்தனர். மூன்றாவதைத் தொடங்கும் முன் முன்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, இது தமிழ் வளர்க்கும் மேடை, கூலியாள் பாட்டுக்கும் கேலிப் பாட்டுக்கும் உரிய இடமன்று" என்றார். ஒலிபெருக்கி அடுத்தவர் கைக்குப் போயிற்று. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த யாம் வாய் திறக்கவில்லை. திரும்பும் பேருந்தில் அவ்விளைஞரின் தந்தையார், "எம்.ஏ. படித்து மண் சுமக்கப் போனான், பாட்டு வேறு கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், சார்" என்று எம்மிடம் நொந்துகொண்டார். அப்போதும் யாம் தலையை ஆட்டியதன்றி வேறு செய்தோமில்லை.

கோப்புகளிடையே வாழ்பவர்க்கு எழுத்தில்தான் துணிவு பிறக்கும். அன்று சொல்லாது விட்டதை இங்கே சொல்ல முயல்கிறோம்.

முதலில், இவை இலக்கியமா என்ற வினா. தொல்காப்பியர் செய்யுளியலில் 'பண்ணத்தி' என்றொரு வகையைக் கூறுகிறார். பாட்டின் இயல்பு கலந்து, மக்கள் வாயில் வழங்குவது அது. உரை கண்ட பேராசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாக மோதிரப் பாட்டு, கடகண்டு முதலிய சில பெயர்களைத் தருகிறார். அவர் காலத்தில் அப்பெயர்களைச் சொன்ன அளவிலேயே மக்களுக்குப் பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். அதனால் அடிகளை எழுதிவைக்க வேண்டுமென்று அவர்க்குத் தோன்றவில்லை போலும். இன்று நம்மிடம் எஞ்சியிருப்பன அப்பெயர்கள் மட்டுமே. மோதிரப் பாட்டு எதைப் பாடிற்று? யார் பாடினர்? சிரிக்கப் பாடினரா, அழப் பாடினரா? மேடைக்குத் தகாதவை என்று எவரேனும் ஒதுக்கினரா? ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லையென்று வருந்தும் நாம், கடகண்டுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

நகையையும் தொல்காப்பியர் சிறிதாக மதித்தாரல்லர். மெய்ப்பாடுகள் எட்டனுள் முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காக வகுத்தார். பிறரை எள்ளுதலாலும், இளமையாலும், அறியாமையாகிய பேதைமையாலும், கொண்டதை விடாத மடமையாலும் நகை பிறக்கும். ஓர் அகழாய்வு முகாமை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். கூடாரம். அதிகாலைக் குளிர், நடுப்பகல் வெயில். இயக்குநர் என்ற ஒரு பேராசிரியர். என்ன கிடைக்கும் என்றறியாமல் நாள் முழுதும் சுரண்டிக்கொண்டிருக்கும் ஒரு குழி. தொல்காப்பியர் கூறிய நான்கும் ஓரிடத்தில் கூடியிருக்க இதைவிடப் பொருத்தமான களம் உண்டோ?

அன்று மேடையில் பாடப்பெற்றவற்றுள் ஒன்று இது:

ஆறு வாரமாக் கரணை பிடிச்சோம்
அங்குலம் அங்குலமாச் சுரண்டி எடுத்தோம்
ஆழக் குழியிலே அகப்பட்டது என்ன?
அன்னிக்குத் தோண்டினவன் பீடித் துண்டு!

சிறுவர் சிரித்தது பீடித் துண்டுக்காக. ஆயினும் அச்சிரிப்புக்கு அடியில் இன்னொரு சிரிப்பு இருக்கிறது. அதை அவ்விளைஞர் பின்னர் எமக்கு விளக்கினார். மண்ணடுக்குகளில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது என்பது தொல்லியலின் அரிச்சுவடி. ஓர் அடுக்கில் கிடைக்கும் பொருள்களுள் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. ஆகவே ஆழத்தில் ஒரு பீடித் துண்டு கிடைத்தால், அங்கே முன்னொருவர் தோண்டி மீண்டும் மூடியிருக்கிறார். ஆறு வாரமாகக் கவனமாய்ச் சுரண்டியது பழைய மண்ணன்று, அவர் அள்ளிப்போட்ட மண். அத்தனை உழைப்பும் பயனற்றது. நான்கே அடியில் மண்ணடுக்கியலின் தலையாய விதியும், அது மீறப்பட்டதன் துயரமும் அடங்கிவிட்டன. ஒரு பாடநூல் இதற்கு ஓர் இயல் முழுதும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் நோக்கவேண்டும். எள்ளல் இருவகைப்படும் என்பர் உரையாசிரியர்: பிறரைத் தான் எள்ளி நகுதல், தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல். இப்பாட்டு இரண்டாம் வகை. பாடுவோரே ஏமாந்தவர். நல்ல முகாம்களின் பாட்டெல்லாம் பெரும்பாலும் இவ்வகையினவே என்று கருதுகிறோம்.

இரண்டாவது பாட்டு வரப்பைப் பற்றியது. குழிகளுக்கு இடையே சுவர்போல் விடப்படும் மண் வரப்பைச் செங்குத்தாகச் செதுக்கி நிறுத்துவது இத்துறையில் பெரிய ஒழுக்கம். அடுக்குகளை அதன் முகத்திலேதான் படிக்க முடியும். அதன் விளிம்பில் காலை வைத்தவன் தொலைந்தான். ஔவையார் வரப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மன்னன் வரை ஏறிய கதை நாம் அறிந்ததே. அந்த ஏணியை மாணவர்கள் தலைகீழாக்கி, வரப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கி, மாணவனின் வளைந்த முதுகில் முடித்துவிட்டார்கள். அதைக் கண்டு இயக்குநரின் மனம் குளிர்வதாகப் பாட்டு. இயக்குநர் எதிரிலேயே அமர்ந்து கேட்டாராம். அவர் பெயரும் இல்லை, அவரைப் பழித்த சொல்லும் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறது என்பது எல்லார்க்கும் தெரியும். அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக்கிய நம் இலக்கணம், வாழ்த்துப்போல் வந்த இந்தப் பழிப்பைப் பழிகரப்பு என்று தயங்காமல் ஏற்கும்.

இது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறும்பன்று. உருசிய நாட்டில் நாவ்கொரது என்ற பழைய நகரத்தில் அர்த்சிகோவ்ஸ்கி என்ற பேரறிஞர் 1932இல் தொடங்கிய அகழாய்வு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. மாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் பலர்க்கு அதுவே பயிற்சிக்களம். இத்தகைய முகாம்களிலிருந்து 'தொல்லியலார் நாள்' என்ற ஒரு விழா அந்நாடுகளில் வழக்கத்துக்கு வந்தது. எந்த அரசாணையும் அதை அறிவிக்கவில்லை. நாள் எதுவென்றால் ஆகஸ்டு 15! நம் விடுதலை நாளுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஏன் அந்நாள் என்பதற்குப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் சுவையானது ஒன்று: விருந்து கொண்டாட ஒரு காரணம் வேண்டியிருந்த மாணவர்கள், மாவீரன் அலெக்சாந்தரின் குதிரையான புகேபாலசுக்கு அன்று பிறந்தநாள் என்று தலைவரிடம் கூறினார்களாம். கதைகளுள் எது மெய்யென்று துருவுவது வீண் வேலை. குதிரையின் பிறந்தநாள் எந்த ஏட்டிலும் இல்லை என்பதை மாணவரும் அறிவர், தலைவரும் அறிவர். இருவரும் அறிந்தும் விருந்து நடந்தது என்பதே கதையின் நயம். காலக் கணிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு பொய்க் காலக் கணிப்பின்மேல் தங்கள் திருநாளை நாட்டியிருக்கிறார்கள்! அந்நாளில் புதுமாணவர்க்கு விளையாட்டுச் சோதனைகள் வைத்து, விளையாட்டு உறுதிமொழி வாங்கி, 'தொல்லியலார்' ஆக்குவதும் உண்டு.

அதே நாவ்கொரதில்தான் நாம் நின்று நோக்க வேண்டிய ஒரு பொருள் கிடைத்தது. அந்நகரின் ஈரக் களிமண்ணுக்குள் காற்றுப் புகாமையால் மரப்பட்டைகூட நூற்றாண்டுகளாய் மட்காமல் கிடக்கும். 1951 சூலை 26 அன்று பூர்ச்ச மரப்பட்டையில் கீறி எழுதிய முதல் ஓலை அங்கே வெளிப்பட்டது. இன்றளவும் அந்நகரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. கடன் கணக்கு, வீட்டுச் செய்தி, வழக்கு, காதல் எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றுள் 46ஆம் எண்ணுள்ள ஓலை 14ஆம் நூற்றாண்டினது. இரண்டு வரிகளாகத் தோன்றும் எழுத்துகளை நேராகப் படித்தால் பொருள் இல்லை. மேலொன்று கீழொன்றாகக் கோத்துப் படிக்கவேண்டும். அவ்வாறு படித்தால், இதை எழுதியவன் அறிவிலி, காட்டியவன் சிந்தனையற்றவன், இதைப் படிக்கிறவனோ என்று கேட்டு நிற்கிறது. பள்ளிச் சிறுவரின் குறும்பு அது என்பது அறிஞர் துணிபு. படிக்கிறவன் யார் என்று சொல்லும் இடத்தில் பட்டை கிழிந்திருக்கிறது. அறுநூறு ஆண்டுக்குப் பின் மாணவர் தோண்டிய குழியில், மாணவர்க்கு மாணவர் வைத்த வசை! பேராசிரியர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாய்க் கூட்டி, முடிவில் தாமே வசைபட்டார்கள். அதே ஊரில் 1956இல் கிடைத்த ஓலைகளில், 13ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஒன்ஃபீம் எழுத்துப் பயிற்சிக்கு நடுவே தன்னையே ஒரு விலங்காக வரைந்து, நான் விலங்கு என்று எழுதியும் வைத்திருக்கிறான். மண் இவற்றைத் தகுதி பார்த்து ஒதுக்கவில்லை.

ஆங்கிலேயரிடத்தும் இம்மரபு உண்டு. துப்பறியும் கதைகளால் நாம் அறிந்த அகாதா கிறிஸ்டி, கணவர் மேக்ஸ் மேலோவனோடு 1930களில் சிரியாவின் மேடுகளில் முகாமிட்டு வாழ்ந்தவர். அந்நாள்களைப் பற்றி அவர் 1946இல் வெளியிட்ட நூல், லூயிஸ் கரோலின் பாட்டொன்றைக் கேலியாகத் திருப்பிய பாட்டோடு தொடங்குகிறது. நூலின் பெயரே சிலேடை: 'டெல்' என்றால் ஆங்கிலத்தில் சொல் என்று ஏவல், அரபு மொழியில் தொன்மேடு. காளமேகம் கேட்டிருந்தால் தம் இனமென்று மகிழ்ந்திருப்பார். அமெரிக்கரிடத்தும் உண்டு, பயன் தெரியாத பொருளையெல்லாம் 'சடங்குப் பொருள்' என்று எழுதிவிடும் தம் துறையின் பழக்கத்தை அவர்கள் ஓயாது கேலி செய்வர். டேவிட் மெக்காலே என்பவர் 1979இல் வெளியிட்ட படநூலில், 4022ஆம் ஆண்டின் ஆய்வாளர் ஒருவர் ஒரு விடுதி அறையைத் தோண்டி, அதன் கழிப்பறைச் சாமான்களையெல்லாம் புனிதப் பொருள்களாக விளக்குகிறார். கடைசி நாளில், குழியை மூடப்போகும் வேளையில்தான் சிறந்த பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் முகாம்கள்தோறும் வழங்குவது. பந்தல் பிரித்தபின் வெற்றிலைத் தட்டு அகப்படும் நம் வீடுகளுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

முகாமில் ஒலித்த பாட்டு அறிவியலுக்குள்ளேயே புகுந்த இடமும் ஒன்று உண்டு. 1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹதாரில், முப்பத்திரண்டு இலட்சம் ஆண்டு பழமையான ஒரு பெண்ணின் எலும்புகளை டொனால்டு ஜொகான்சனும் அவருடன் சென்ற ஆய்வு மாணவரும் கண்டனர். அன்றிரவு முகாமில் ஒலிநாடாவில் திரும்பத் திரும்ப ஒலித்த பீட்டில்ஸ் பாட்டிலிருந்து 'லூசி' என்ற பெயர் அதற்கு வந்தது. அருங்காட்சியக எண்ணை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? லூசியை உலகமே அறியும்.

ஆயினும் முகாம் நகை எல்லாம் நல்ல நகை என்று கூறிவிட்டால் திறனாய்வுக்கு இடமில்லை. குழியில் போலிப் பொருளைப் புதைத்துவைத்துப் புதியவரை ஏமாற்றும் விளையாட்டு இரவுக்குள் வெளிப்பட்டால் வேடிக்கை. வெளிப்படாவிட்டால் சான்றையே கெடுத்துவிடும். 1726இல் ஜெர்மனியின் வியூர்ட்ஸ்பர்க் நகரில் பெரிங்கர் என்ற பேராசிரியர், மலையில் கிடைத்த விந்தைக் கற்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கற்கள் போலி. மாணவர் செய்த குறும்பு என்று உலகம் இருநூறு ஆண்டு கதை சொல்லிற்று. பின்னர் வெளிப்பட்ட விசாரணை ஆவணங்களோ, அவரோடு பணியாற்றிய இருவரின் பொறாமையைக் காட்டின. பெரியவர்களின் வஞ்சத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றி, அதைச் சிரிப்புக்கதையாக்கியது உலகவழக்கு. அலுவலகங்களில் காணாமற்போகும் கோப்புகளெல்லாம் கடைநிலை ஊழியர் பெயரில் எழுதப்படுவதை இருபது ஆண்டுகளாகக் கண்டுவரும் எமக்கு இதில் வியப்பில்லை.

மேடையில் பாடப்படாத அந்த மூன்றாம் பாட்டுக்கு வருகிறோம். மறுவாரம் அவ்விளைஞரை வீட்டுக்கு அழைத்து, அதைப் பாடச் சொன்னோம். அது முகாமில் கூடை சுமந்த உள்ளூர்த் தொழிலாளர் ஒருவரைப் பற்றியது. அவர் தேதியைத் தவறாகச் சொல்வதும், சல்லடையைக் கட்டிலாக்கி உறங்குவதும், ஆங்கிலச் சொற்களைக் கொச்சையாக ஒலிப்பதும் பாட்டின் பொருள். மெட்டு நன்று, எதுகை மற்ற இரண்டையும்விட நன்று. எமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"மாமா, உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்றார்.

"அவர் கேட்டாரா இதை?" என்றோம்.

சற்றுப் பொறுத்து, "இல்லை, மாமா. அவர் ஊருக்குப் போனபிறகு இரவில்தான் பாடுவோம்" என்றார்.

முதல் பாட்டில் ஏமாந்தவர் பாடினார். இரண்டாம் பாட்டில் எள்ளப்பட்டவர் எதிரில் அமர்ந்திருந்தார்; மாணவரைவிட உயர்ந்தவர். மூன்றாவதில் எள்ளப்பட்டவர் ஆளில்லாத இடத்தில் எள்ளப்பட்டார்; மாணவரைவிடக் குறைந்த கூலியினர். பேதைமையாகப் பாடப்பட்டது அவர் கல்லாமை. ஆனால் மண்ணின் நிறம் மாறும் இடத்தை விரலால் தொட்டே கண்டு, மாணவரை நிறுத்தச் சொன்னவர் அவரே என்று அதே இளைஞர் முன்பு கூறியிருந்தார். அந்தக் கைத்திறன் பாட்டில் ஓரடியிலும் இல்லை. பாட்டின் குறை அங்கேதான். ஆகவே பெரியவர் மேடையில் தடுத்தது சரியான பாட்டையே என்று சொல்லலாமா? சொல்லமாட்டோம். அவர் அதைக் கேட்கவேயில்லை. கூலியாள் பாட்டு என்று அவர் ஒதுக்கியது, கூலியாளை இழிவுசெய்த பாட்டு. கேட்டிருந்தால் சரியான காரணத்துக்காகத் தடுத்திருப்பார்.

தொழிலாளர்க்கும் பாட்டு உண்டு. அதைக் கேட்கும் செவி வேண்டும். எகிப்தில் அகழாய்வுப் பணியிலிருந்த ஹைன்ரிச் ஷேஃபர் என்ற ஜெர்மானியர், எகிப்திய உழவர் ஒருவரின் பாடல்களைக் கேட்டு எழுதி 1903இல் நூலாக்கினார். நைல் கரையில் நீரிறைக்கும் கருவி நம் ஏற்றத்துக்கு உடன்பிறப்பு என்பதை எண்ணும்போது, நா. வானமாமலையும் கி. வா. ஜகந்நாதனும் நம் உழவர் பாடல்களைத் தொகுத்த பணி நெஞ்சில் எழுகிறது. ஷேஃபர் தேடிச் சென்றது கல்லில் பொறித்த பழமையை. கைக்குக் கிடைத்த வாய்ப்பாட்டையும் அவர் விடவில்லை.

எல்லாரும் அவ்வாறு செய்தாரல்லர். மார்ட்டிமர் வீலர் 1944இல் தட்சசீலத்தில் நடத்திய பயிற்சிப் பள்ளியில் இந்தியாவெங்கும் இருந்து சுமார் அறுபது மாணவர் கூடினர். மறு ஆண்டு அவர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டைத் தோண்டினார். உரோமானிய மட்கலங்களை வைத்து நம் கடற்கரையின் காலத்தை நிறுவிய அவ்வறிக்கை 1946இல் 'பண்டை இந்தியா' இதழில் வந்தது. ஒவ்வோர் ஓட்டின் விளிம்பும் அதில் கோட்டோவியமாக உண்டு. தட்சசீலத்துக் குளிரிலும் அரிக்கமேட்டுப் புழுக்கத்திலும் மாலை வேளைகளில் அவர்கள் வீலரின் மீசையைப் பற்றி என்ன பாடினார்கள் என்பதற்கு அறிக்கையில் இடமில்லை. பஞ்சாபியும் வங்காளியும் தமிழரும் ஒரே கூடாரத்தில் எம்மொழியில் சிரித்தனர்? பிரிவினைக்கு மூன்றே ஆண்டு இருந்த காலம் அது. அச்சிரிப்பைக் கேட்டவர்களில் இன்று எத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்?

கீழடி அகழாய்வு 2015இல் தொடங்கியபின், தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம் குடும்பங்கள் பானையோட்டுக் கீறல்களைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகின்றன. ஓட்டில் தன் பெயரைக் கீறியவன் புலவனென்று யாரும் சொல்வதில்லை. எனினும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காண்கிறோம். அதைத் தோண்டும் பிள்ளைகளின் வாய்ச்சொல்லை மட்டும் ஏன் ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கவேண்டும்?

அவ்விளைஞரிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதில் அட்டைப் பக்கத்திலிருந்து மண்ணடுக்குக் குறிப்புகள். திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து பாடல்கள். பதினொன்று இருந்தன. அவர் படிக்க, யாம் அலுவலகத் தாளில் பெயர்த்தெழுதினோம். மூன்றாம் பாட்டை அடித்துவிடட்டுமா என்றார். வேண்டா, அதையும் எழுதி, யார் இல்லாதபோது பாடப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுது என்றோம். தந்தையார் இடையில் ஒருமுறை காப்பியோடு வந்து, பீடிப் பாட்டைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பதினொன்றாம் பாட்டு மட்டும் முற்றுப்பெறவில்லை. அது தொழிலாளர்கள் மாணவர்களைக் கேலி செய்து, கூடை கைமாறும்போது பாடியதாம். கடைசி அடியில் எல்லாரும் சிரிப்பார்களாம், ஆனால் அவர்களுடைய பேச்சுமொழி இவர்க்கு விளங்காமையால் எழுத இயலவில்லை. கம்பர் ஏற்றக்காரன் பாட்டைப் பாதி கேட்டு, மூங்கிலிலைப் பனித்துளிக்கு அடுத்த அடி என்னவென்று இரவெல்லாம் தவித்து, மறுநாள் விடியலில் அதே கிணற்றடிக்குச் சென்று நின்ற கதையைச் சொன்னோம். பிப்ரவரியில் அதே மேட்டுக்கு மீண்டும் போகிறாராம். சல்லடையில் உறங்கிய அந்தத் தொழிலாளரிடமே கேட்டு எழுதிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.